281 ஆம் இலக்கம்

எங்கள் விஞ்ஞான மன்றக் கண்காட்சியில் ஒரு மூலை சிறுகோள்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆளுக்கொரு சிறுகோள் என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்கு முன்னால் எடுத்தவளுக்குச் சீரிஸ் வந்தது. அடுத்தவளுக்கு வெஸ்டா. நான் பிரித்த சீட்டில் 281 என்ற இலக்கமும் லுக்ரீஷியா என்ற பெயரும் இருந்தன. அப்படியொன்றை நான் கேள்விப்பட்டதேயில்லை. சீட்டை மாற்றிக்கொள்ள ஆள் தேடினேன். எவரும் சம்மதிக்கவில்லை.

விவரம் தேடியபோது ஏமாற்றம் இன்னும் கூடியது. லுக்ரீஷியாவின் குறுக்களவு சுமார் 12 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகும் தூரம், அவ்வளவுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டியில், சூரியனுக்குக் கிட்டிய உட்பக்கத்தில், ஃப்ளோரா குடும்பம் என்று சொல்லப்படும் கற்களின் கூட்டத்தோடு சேர்ந்து அது சுற்றுகிறது. சிலிக்கேற்றுப் பாறையாலான கல்வகைச் சிறுகோள். ஏறக்குறைய மூன்றேகால் வருடத்தில் சூரியனை ஒரு முறை வலம் வருகிறது. நாலரை மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடுகிறது. வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. 1888 ஒக்டோபர் 31 ஆம் திகதி வியன்னாவில் யொஹான் பலீசா என்பவர் கண்டுபிடித்தார். தொலைக்காட்டியில் கண்ணை வைத்தே 120க்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டவர் அவர். இது அவற்றுள் ஒன்று. அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை.

பெயரையாவது பார்ப்போமே என்று தேடினேன். பழைய ரோமாபுரிக் கதையில் வரும் ஒரு பெண் என்று நினைத்திருந்தேன். அது பிழை. பலீசா அந்தக் கல்லைக் காண்பதற்கு 40 வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு வானியல் அறிஞரின் நடுப்பெயர் அது. முழுப்பெயர் கரோலின் லுக்ரீஷியா ஹேர்ஷல். அதற்குப் பிறகு எனக்குக் கடதாசி போதவில்லை.

கரோலின் 1750 மார்ச் 16 ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தகப்பன் ஐசக் படையணியின் வாத்தியக் குழுவில் ஓபோ என்ற குழல் வாசித்தவர். தாய் அன்னா. பிறந்த பிள்ளைகள் பத்துப்பேர், தப்பிய பிள்ளைகள் ஆறுபேர். கரோலின் எட்டாவது. சின்ன வயதிலே பெரியம்மை வந்து முகத்தில் தழும்பை வைத்துவிட்டுப் போனது. பத்தாவது வயதில் டைபஸ் காய்ச்சல் வந்தது. அதன்பின் அவர் வளரவேயில்லை. வாழ்நாள் முழுவதும் அவருடைய உயரம் 4 அடி 3 அங்குலம்.

அழகும் இல்லை, சீதனம் கொடுக்கப் பணமும் இல்லை, ஆகவே கலியாணத்தை எதிர்பார்க்காதே என்று தகப்பனே மகளுக்குச் சொல்லிவைத்தார். இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஆனால் அதே தகப்பன்தான் உறைபனி இரவொன்றில் அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போய், அப்போது தோன்றியிருந்த வால்வெள்ளியையும் நட்சத்திரக் கூட்டங்களையும் காட்டினார். 1764 இல் சூரிய கிரகணம் வந்தபோது முற்றத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் விழுந்த நிழலைப் பிள்ளைகளுக்குக் காட்டியவரும் அவரே. தாய் வீட்டில் இல்லாத நேரத்திலும் தாயின் மனம் குளிர்ந்திருந்த நேரத்திலும் மகளுக்குக் கொஞ்சம் வயலின் சொல்லிக்கொடுத்தார்.

ஏன் தாய்க்குத் தெரியாமல்? பெண்பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும், மிச்சம் வீட்டுவேலை என்பது அன்னாவின் முடிவு. வில்லியமும் வேறு ஆண்மக்களும் வாத்தியம் படித்து, பாஷை படித்து, பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போனார்கள். இவ்வளவு படிக்காமல் இருந்திருந்தால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டார்கள் என்று அன்னா உறுதியாக நம்பினார். ஆகவே கரோலின் காலுறை பின்னினார், துணி துவைத்தார், சமைத்தார். தையல் கற்க ஆசைப்பட்டு, வீடு விழிக்குமுன் விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ப் படித்தார். அன்னாவுக்கு எழுத வராது. படையோடு போன கணவருக்கு அவர் அனுப்பிய கடிதங்களை எழுதிக்கொடுத்தது சிறுமி கரோலின்தான். அந்தத் தெருவில் இருந்த ஏழைச் சிப்பாய்களின் மனைவிமார் பலருக்கும் அவரே எழுதிக்கொடுத்தார்.

இந்த இடம் வரை எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்னாமீது எனக்கு நல்ல கோபம். உம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பத்துப் பெற்று நாலைப் பறிகொடுத்தவள், கணவனும் போர்க்களத்தில் ஈரத்தில் கிடந்து நோயாளியாகி வந்தவன், படித்த பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள், இருக்கிற மகளையும் படிப்பு கொண்டுபோய்விடும் என்று பயந்திருக்கிறாள், பயந்தது நடந்ததா இல்லையா என்று உம்மா கேட்டார். நடந்தது என்று சொன்னேன். வேறு பதில் எனக்கு வரவில்லை. கம்பஸ் கிடைத்தால் பேராதனைக்குப் போவதா, வீட்டுக்குக் கிட்டவே ஏதாவது படிப்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

ஐசக் 1767 இல் காலமானார். ஐந்து வருடம் கழித்து, 1772 ஓகஸ்டில், இங்கிலாந்தின் பாத் நகரில் இசையாசிரியராக இருந்த வில்லியம் வந்து தங்கையை அழைத்துக்கொண்டு போனார். கரோலினின் இடத்தில் ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ளத் தாய்க்கு வருடாவருடம் பணம் தருவதாக அவர் ஒப்புக்கொண்ட பின்னரே அனுமதி கிடைத்தது. கரோலினும் சும்மா புறப்படவில்லை. வீட்டாருக்கு இரண்டு வருடத்துக்குப் போதுமான காலுறைகளைப் பின்னி அடுக்கிவைத்துவிட்டே புறப்பட்டார். ஒல்லாந்தில் வண்டிப் பயணத்தின்போது அவருடைய தொப்பியைக் காற்று வாய்க்காலில் தள்ளியது. கப்பல் புயலில் அடிபட்டது. இங்கிலாந்தில் அவர் கரையேறிய கோலம் பார்க்கச் சகிக்காததாக இருந்திருக்கும்.

அப்போது அவருக்கு 22 வயது. ஆங்கிலம் தெரியாது. அண்ணன் காலைச் சாப்பாட்டு வேளையில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு இரண்டு மூன்று முறை பாட்டுப் பயிற்சி. வீட்டுக் கணக்கும் அவர் பொறுப்பு. சில வருடங்களில் மேடையில் முதன்மைப் பாடகியாக நின்றார். பேர்மிங்ஹாம் இசை விழாவில் பாட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தாத நிகழ்ச்சியில் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார். இந்த மறுப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. சொந்தக் காலில் நிற்க ஒரு கதவு திறந்தபோது அவரே அதைச் சாத்திவிட்டாரே என்று.

இதற்கிடையில் அண்ணனுக்கு வானப் பித்துப் பிடித்திருந்தது. விற்பனைக்கு இருந்த தொலைக்காட்டிகள் அவருக்குப் போதவில்லை. தானே உலோக ஆடிகளை வார்த்து மினுக்கத் தொடங்கினார். வீடு பட்டறையாகியது. பெரிய ஆடி வார்க்கும் அச்சுக்குக் குதிரைச் சாணம் தேவைப்பட்டது. அதை இடித்துச் சலித்த கைகளில் கரோலினின் கைகளும் இருந்தன. மினுக்கும்போது கையை எடுத்தால் ஆடி பழுதாகும் என்பதால் வில்லியம் ஒரே மூச்சில் 16 மணித்தியாலம்கூட வேலை செய்திருக்கிறார். தங்கை பக்கத்தில் இருந்து உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். அலுப்புத் தெரியாமல் இருக்க ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை வாசித்துக் காட்டினார். 1781 மார்ச் 13 ஆம் திகதி வில்லியம் யூரேனஸ் கோளைக் கண்டார். மூன்று நாள் கழித்துக் கரோலினுக்கு 31 வயது நிறைந்தது.

மறுவருடம் ஜோர்ஜ் மன்னர் வில்லியத்துக்கு வருடம் 200 பவுண் கொடுத்து அரச வானியலாளராக அமர்த்தினார். விண்ட்சர் மாளிகைக்குக் கிட்டவுள்ள டாட்செட் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அத்தோடு கரோலினின் பாட்டு முடிந்தது. பத்து வருடம் பழகிய குரல். அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கே அவர் செய்த வேலையைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். வில்லியம் 20 அடி நீளத் தொலைக்காட்டியின் மேடையில் இருட்டில் நிற்பார். மங்கலான புகையுருக்களைப் பார்க்கக் கண் இருளுக்குப் பழகியிருக்கவேண்டும். குறிப்பெழுத விளக்கைப் பார்த்தால் கண் கெட்டுவிடும், பிறகு பழக நெடுநேரம் எடுக்கும். ஆகவே அவர் கண்டதைச் சத்தமாகச் சொல்வார். திறந்த சன்னலருகே விளக்கும் மணிக்கூடும் நட்சத்திர அட்டவணையுமாக இருக்கும் கரோலின் நேரத்தோடு அதைக் குறிப்பார். பகலில் அந்தக் குறிப்புகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் வானத்தில் எங்கே இருக்கிறது என்று நிர்ணயித்து, சுத்தமாகப் பிரதியெடுப்பார். இருபது வருடம் இப்படி. வில்லியத்தின் பெயரில் வெளிவந்த மூன்று பட்டியல்களிலும் சேர்த்து 2500 புகையுருக்களும் நட்சத்திரக் கொத்துகளும் உள்ளன. இத்தனை கணக்குப் போட்ட கரோலினுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கடைசிவரை மனதில் நிற்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருந்தாராம். கணிதப் பாடத்தில் என்னைப்போல் தடுமாறுகிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1783 டிசம்பர் 31 இரவு. தரையில் ஓர் அடிக்கு உருகும் பனி. மேகம் கொஞ்சம் விலகியதும் அண்ணன் மேலிருந்து கூப்பிட்டார். இருட்டில் ஓடிய கரோலினின் தொடையில், முழங்காலுக்கு மேலே, தொலைக்காட்டியைத் திருப்பும் பொறியின் இரும்புக் கொக்கி ஏறிவிட்டது. அவரைத் தூக்கி எடுத்தபோது ஏறக்குறைய 2 அவுன்ஸ் சதை கொக்கியில் தங்கிவிட்டது. கட்டுப்போட்டுப் படுத்திருந்த நாட்களில் அவர் ஆறுதலாக நினைத்தது என்ன தெரியுமா? வானம் மூடியே இருந்ததால் அண்ணனின் வேலை கெடவில்லை என்பதைத்தான்.

அண்ணன் அவருக்கும் ஒரு சிறிய தொலைக்காட்டி கொடுத்திருந்தார். வில்லியம் வீட்டில் இல்லாத இரவுகளிலேயே அது அவருக்கு முழுதாகக் கிடைக்கும். 1786 இல் ஸ்லௌ என்ற ஊருக்கு மாறினார்கள். அந்த வருடம் வில்லியம் ஜேர்மனிக்குப் போயிருந்தபோது, ஓகஸ்ட் 1 ஆம் திகதி இரவு, வட்டமான மங்கல் பொட்டு ஒன்று கரோலினின் கண்ணில் பட்டது. அடுத்த இரவு அது இடம் மாறியிருந்தது. வால்வெள்ளி! லண்டனில் இருந்த அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். அன்று எழுதிக்கொடுக்கக் கேட்டு வந்தவர்களுக்காக எழுதிய கை, இன்று தன் சொந்தச் செய்தியை எழுதியது. 1797 வரை மொத்தம் எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1795 இல் கண்டது பின்னர் என்கே வால்வெள்ளி என்று பெயர்பெற்றது. 1788 இல் கண்டது 1939 இல் திரும்பி வந்தபோது, அது அவருடையதே என்று கணக்கிட்டு உறுதிசெய்தார்கள். கடைசி வால்வெள்ளியைக் கண்ட இரவில் கடிதத்தை நம்பாமல், ஒரு மணித்தியாலம் மட்டும் தூங்கி எழுந்து, குதிரையேறிக் கிறீனிச் அவதான நிலையத்துக்கே போய்ச் சொன்னார். தூரம் 30 மைல் அளவு. வயது 47.

1787 இல் மன்னர் கரோலினுக்கும் சம்பளம் நிர்ணயித்தார். அண்ணனின் உதவியாளர் என்று வருடத்துக்கு 50 பவுண். அண்ணனுடையதில் காற்பங்கு. ஒக்டோபரில் முதல் காலாண்டுப் பணமாக 12 பவுண் 10 ஷிலிங் கையில் வந்தது. 37 வயதில், தன் விருப்பப்படி செலவழிக்கலாம் என்று எண்ணக்கூடிய முதல் பணம் அதுதான் என்று குறித்துவைத்தார். அவரைத் தியாகச் சுடர் என்று புகழ்ந்து எழுதியவற்றை நிறைய வாசித்தேன். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தியாகம் மட்டுமே செய்யத் தெரிந்தவர் 12 பவுண் 10 ஷிலிங்கை இவ்வளவு கவனமாக எழுதிவைக்கமாட்டார்.

1788 மே மாதம் வில்லியம் மேரி பிட் என்ற விதவையை மணந்தார். பதினாறு வருடம் அந்த வீட்டின் திறப்பை வைத்திருந்தவர் கரோலின். இனி வீட்டுப் பொறுப்பு அவருடையதல்ல. வேறிடத்தில் அறை எடுத்துத் தங்கி, வேலைக்கு மட்டும் வந்துபோனார். அன்றிலிருந்து பத்து வருடத்துக்கு அவர் எழுதிய நாட்குறிப்புகளைப் பின்னாளில் அவரே அழித்துவிட்டார். கோபத்தில் எழுதியதை யாரும் வாசிக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். பிறகு மதினியோடு நல்ல உறவு உண்டாகியது. மருமகன் ஜோன் பிறந்ததும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்.

நாட்குறிப்பு இல்லாத அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஃபிளாம்ஸ்டீட் என்பவரின் பெரிய நட்சத்திர அட்டவணையையே எல்லாரும் நம்பிப் பயன்படுத்தினார்கள். அதில் பிழைகள் இருந்தன. கரோலின் 20 மாதம் உட்கார்ந்து அதை மூல அவதானிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிழைகளைத் திருத்தி, விடுபட்டுப்போன ஏறக்குறைய 560 நட்சத்திரங்களையும் சேர்த்தார். 1798 இல் லண்டன் றோயல் சொசைட்டி அதைக் கரோலினின் பெயரிலேயே அச்சிட்டது.

சிறுகோள் என்ற சொல்லோடும் இந்த வீட்டுக்குத் தொடர்புண்டு. 1801 ஜனவரி 1 ஆம் திகதி சீரிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மறுவருடம் பல்லாஸ். தொலைக்காட்டியில் பார்த்தால் நட்சத்திரம்போல் வெறும் புள்ளியாகத் தெரிகின்றனவே என்று, நட்சத்திரம் போன்றவை என்ற பொருளில், அஸ்டெரொயிட் என்ற பெயரை 1802 இல் முன்மொழிந்தவர் வில்லியம் ஹேர்ஷல். அந்தச் சொல்லால் அழைக்கப்படும் கற்களில் ஒன்று பின்னாளில் தங்கையின் பெயரைத் தாங்கும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1822 ஓகஸ்டில் வில்லியம் இறந்தார். துக்கம் பொறுக்காமல் 72 வயதுக் கரோலின் இரண்டு மாதத்துக்குள் ஹனோவருக்குத் திரும்பிவிட்டார். அது அவசர முடிவு, அவரே பின்னர் வருந்தினார். 50 வருடம் கழித்துத் திரும்பிய ஊரில் அவரைத் தெரிந்தவர் குறைவு. உயர்ந்த கூரைகள் வானத்தை மறைத்தன. ஆனாலும் மேசைமேல் செய்யக்கூடிய வேலை மிச்சமிருந்தது. அந்த 2500 புகையுருக்களையும் வானத்தில் இருக்கும் வரிசைப்படி புதிதாக அடுக்கி, ஜோனுக்கு அனுப்பினார். தகப்பன் பார்த்ததை மகன் மறுபடி தேடிப்பார்க்க அது இல்லாமல் முடியாது. இதற்காகவே லண்டன் வானியற் கழகம் 1828 இல் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அடுத்து ஒரு பெண்ணுக்கு அந்தப் பதக்கம் கிடைக்க 1996 ஆகிவிட்டது; வேரா ரூபினுக்கு.

பதக்கச் செய்தி கேட்டுக் கரோலின் மகிழவில்லை, கலங்கினார். தனக்குக் கிடைக்கும் ஒவ்வொரு புகழும் அண்ணனின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று கடைசிவரை நினைத்தார். இது பணிவா, சிறுவயதில் கேட்ட சொற்கள் உள்ளே தங்கிவிட்டதா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 97 ஆவது பிறந்தநாளில் அரச குடும்பத்தினர் பார்க்க வந்தபோது, அண்ணன் இயற்றிய பாட்டொன்றை அவர்களுக்குப் பாடிக் காட்டினார். 65 வருடத்துக்கு முன் விட்ட பாட்டு! அதே 1847 இல், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கு வானத்தை ஆராய்ந்த ஜோனின் பெரிய நூலும் அச்சாகி அவர் கைக்கு வந்தது. 1848 ஜனவரி 9 ஆம் திகதி அமைதியாகக் கண்மூடினார்.

கண்காட்சிக்குக் கல்லின் பெயர் எழுதும் அட்டை ஒன்று தந்தார்கள். இலக்கமும் பெயரும் எழுத ஒரு வரி இடம். 281 லுக்ரீஷியா என்று எழுதினால் பார்க்கிறவர்களுக்கு யாரென்று தெரியப்போவதில்லை. எழுத்தைச் சிறிதாக்கி, கரோலின் என்று முன்னாலும் ஹேர்ஷல் என்று பின்னாலும் அதே வரியில் நெருக்கி எழுதினேன். ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மிச்சத்தை உம்மாவுக்கு வாசித்தேன். கரோலினின் விருப்பப்படி அவருடைய பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் வைக்கப்பட்டன. அண்ணனின் தலைமயிர்க் கற்றை ஒன்று. தகப்பன் பாவித்த, எழுத்தெல்லாம் மங்கிப்போன பழைய பஞ்சாங்கம் ஒன்று. உம்மா கொஞ்சம் பொறுத்து, தாயுடையது எதுவும் இல்லையா என்று கேட்டார். பெட்டிக்குள் இல்லை, ஆனால் அவரை அடக்கியது பெற்றோரின் அருகில்தான் என்று சொன்னேன். உம்மா தலையாட்டிவிட்டு, பேராதனைக்கு இங்கிருந்து எத்தனை மணித்தியாலம் என்று வாப்பாவிடம் கேட்டார்.